பட்டறைப் பதில்கள்: அடைக்கக் கூடாத துளை

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தபோது, பெரும்பாலானவை பழைய வண்டிகளின் ஆயில் பம்பையும் வாட்டர் பம்பையும் பற்றியே இருந்தன. ஒன்றுக்குச் சொல்லும் விளக்கம் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால், அவற்றுள் ஆறினை மட்டும் எடுத்துக்கொண்டு இம்முறை சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: என்னிடம் 2010இல் வாங்கிய யமஹா ஆர்15 உள்ளது, இதுவரை ஏறத்தாழ 80,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன் வலப்பக்கக் கவரின் அடியிலிருந்து பச்சை நிறத்தில் சொட்டுச் சொட்டாகக் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்) ஒழுகியது. எங்கள் பகுதியில் உள்ள ஒருவர், கவரின் அடியில் இருந்த சிறு துளை வழியாகத்தான் ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து, அதை எம்-சீல் வைத்து அடைத்துக் கொடுத்தார். ஒழுக்கு நின்றுவிட்டது. மூன்று வாரம் கழித்து எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தால் எண்ணெய் முழுவதும் பால் கலந்த காப்பியைப் போல மாறியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். உண்மைதானா? (வாசகர், சேலம்)

பதில்: முதலில் வண்டியை ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். என்ஜினைப் பிரிப்பதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அதற்குத் தேவை இருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாட்டர் பம்பின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் நடந்தது என்னவென்று உங்களுக்கே விளங்கிவிடும். உங்கள் வண்டியில் பம்ப், கிளட்ச் இருக்கும் வலப்பக்கக் கவரிலேயே அமைந்திருக்கிறது. ஒரே தண்டின் வெளிமுனையில் கூலன்டைத் தள்ளும் இம்பெல்லரும், உள்முனையில் என்ஜின் எண்ணெயில் நனைந்தபடி சுழலும் பல்சக்கரமும் இருக்கின்றன. ஒரு முனை தண்ணீரிலும் மறுமுனை எண்ணெயிலும் இருப்பதால், இரண்டும் கலக்காமல் இருக்க இரண்டு காவல் வைத்திருக்கிறார்கள். தண்ணீர்ப் பக்கம் மெக்கானிக்கல் சீல், எண்ணெய்ப் பக்கம் சாதாரண ஆயில் சீல். இந்த இரண்டுக்கும் நடுவே விரற்கடை அகலம்கூட இல்லாத ஒரு வெற்றிடம் உண்டு. அந்த வெற்றிடத்திலிருந்து வெளியே வரும் வழிதான் உங்கள் நண்பர் அடைத்த துளை. வார்ப்பில் விழுந்த ஓட்டை என்று அவர் நினைத்திருக்கலாம். உண்மையில் அது தயாரிப்பாளர் வேண்டுமென்றே போட்ட துளை.

அத்துளையில் கூலன்ட் சொட்டினால் மெக்கானிக்கல் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். எண்ணெய் சொட்டினால் ஆயில் சீல் போய்விட்டது. இரண்டும் கலந்து வந்தால் இரண்டுமே போய்விட்டன, அல்லது தண்டைத் தாங்கும் பேரிங் ஆட்டம் கண்டு இரண்டு சீலையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. துளையை அடைத்ததும் கூலன்டுக்கு வெளியேற வழி இல்லாமல் போயிற்று. ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ ஒரு பார் அளவு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த அழுத்தத்தில் தள்ளப்பட்ட கூலன்ட், வெளிப்பக்க அழுத்தத்தைத் தாங்குவதற்கென்று செய்யப்படாத ஆயில் சீலின் உதட்டைத் தாண்டி என்ஜினுக்குள் இறங்கிவிட்டது. தரையில் வீணாகிக்கொண்டிருந்த கூலன்ட் இப்போது எண்ணெயில் வீணாகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. தரையில் சொட்டியபோது நஷ்டம் கூலன்ட் விலை மட்டுமே.

இருந்தாலும் ஹெட் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று நான் இங்கிருந்தபடியே சத்தியம் செய்ய முடியாது. கூலன்ட் குறைந்த நிலையில் வண்டி சூடேறியிருந்தால் அதுவும் போயிருக்கலாம். எனவே பிரிப்பதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். என்ஜின் முழுக்க ஆறியிருக்கும் காலை வேளையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஸ்டார்ட் செய்து, உள்ளே பாருங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வந்து அடங்குவது இயல்பு. அடங்காமல், ஆக்சிலரேட்டரைத் திருகத் திருகக் கொப்பளித்துக்கொண்டே இருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுகிறது. அது ஹெட் கேஸ்கெட்டின் வேலை. அடுத்து, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, அதாவது தண்ணீர் சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல் போல இறுகிவிடுகிறதா என்று கையால் பிடித்துப் பாருங்கள். இறுகினால் அதுவும் ஹெட் பக்கத்துக் கோளாறுதான். சைலன்சரில் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் அதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது சோதனைதான் முடிவாகச் சொல்லும். ரேடியேட்டர் மூடியின் இடத்தில் கைப்பம்புடன் கூடிய பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி, மூடியில் அச்சிட்ட அளவைத் தாண்டாமல் அழுத்தம் ஏற்றி, பதினைந்து நிமிடம் விட்டுவிட வேண்டும். அதற்கு முன்னால் அடைத்து வைத்த எம்-சீலை அகற்ற வேண்டும். துரப்பணம் போட்டுக் குடைய வேண்டாம். அலுமினியச் சீவல் சீலுக்குள் போய்விடும். முனையைத் தட்டிய செம்புக் கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எடுக்கலாம். டெஸ்டரின் முள் இறங்க இறங்கத் துளையில் கூலன்ட் எட்டிப்பார்த்தால் குற்றவாளி அங்கேயே அகப்பட்டுக்கொண்டது. முள் இறங்கியும் வெளியே எங்கும் சொட்டு இல்லையென்றால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

பம்ப்தான் என்று உறுதியான பின் செய்ய வேண்டிய வேலை ஒரு நாளில் முடியக்கூடியது. கூலன்டையும் எண்ணெயையும் வடித்துவிட்டு, பம்ப் மூடியையும் வலப்பக்கக் கவரையும் கழற்றி, தண்டை உருவ வேண்டும். தண்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆயில் சீலின் உதடு உரசிய இடத்தில் பளபளப்பாக ஒரு வளையம் தெரியும். அதன் மேல் விரல் நகத்தை வைத்துக் குறுக்காக இழுக்கும்போது நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்துவிட்டது. புதுச் சீலைப் போட்டாலும் சில மாதத்தில் மறுபடி ஒழுகும். தண்டையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் சிக்கனம். பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்து, மணல் அரைவது போல உணர்ந்தால் அதையும் மாற்றுங்கள்.

மெக்கானிக்கல் சீல் இரண்டு துண்டாக வரும். ஸ்பிரிங்கும் கரி முகமும் கொண்ட துண்டு கவரில் இறுகப் பொருந்தும். பீங்கான் வளையம் இம்பெல்லரின் முதுகில் ரப்பருடன் உட்காரும். கண்ணாடி போல மெருகேற்றிய இந்த இரு முகங்களும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே தண்ணீரைத் தடுக்கின்றன. அம்முகங்களைக் கையால் தொடக் கூடாது. கவரில் பொருத்தும்போது, வெளி விளிம்பில் மட்டும் அழுத்தும் அளவுள்ள குழாயை வைத்து, நேராக, ஒரே சீராக அழுத்த வேண்டும். நான் தொழில் பழகிய காலத்தில், கைக்கு அகப்பட்ட ஸ்பேனர் சாக்கெட்டை நடுவில் வைத்துச் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டி உட்கார வைத்தேன். பார்வைக்குக் கச்சிதமாக இருந்தது. நான்காம் நாள் அதே வண்டி அதே ஒழுக்கோடு திரும்பி வந்தது. பிரித்தால் கரி முகத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். அந்தச் சீலின் விலை என் வாரக்கூலியில் பிடித்தம் ஆனது. ரப்பர் வளையத்தை நுழைக்கும்போது கிரீஸ் தடவாமல், கொஞ்சம் கூலன்டையே தடவிக்கொள்ளுங்கள். ஆயில் சீலைப் பொருத்தும்போது அதன் ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டு மறுபடி பிரித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, கலந்துபோன எண்ணெய். கூலன்டில் உள்ள கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்த எண்ணெயால் பேரிங்குகளுக்குத் தேவையான படலத்தைக் காக்க முடியாது. கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பூச்சையும் அது ஊறவைத்துப் பெயர்த்துவிடும். கவர் கழன்றிருக்கும்போதே பிளேட்டுகளை எடுத்துப் பார்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் புது ஃபில்டருடன் விலை குறைந்த எண்ணெயை ஊற்றி, வண்டியை நகர்த்தாமல் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓட விட்டு, சூட்டோடு வடித்துவிடுங்கள். வடிவது தெளிவாகத் தெரியும் வரை இதை இரண்டு மூன்று முறை செய்து, பிறகு மறுபடியும் ஃபில்டரை மாற்றி நல்ல எண்ணெயை ஊற்றலாம்.

மழைக்காலத்தில் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளின் எண்ணெய் மூடிக்கு அடியில் கொஞ்சம் வெண்ணெய் போலப் படிவதைக் கண்டு பதறி எழுதுகிறவர்களும் உண்டு. அது வெறும் காற்றின் ஈரம். மூடியில் மட்டும் வெள்ளை இருந்து, வடித்த எண்ணெய் தெளிவாக இருந்தால் கவலை வேண்டாம். ஒரு நாள் நீண்ட தூரம் ஓட்டினால் ஆவியாகிவிடும்.

கேள்வி: ரேடியேட்டரில் கூலன்டுக்குப் பதிலாகத் தண்ணீரே ஊற்றி வருகிறேன். எங்கள் ஊர்த் தண்ணீர் நல்ல தண்ணீர். இதனால் பம்புக்குக் கெடுதல் உண்டா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தாமிரபரணித் தண்ணீரின் ருசியை நான் குறை சொல்ல மாட்டேன், குடிப்பதற்கு அதை விட்டால் வேறில்லை. ஆனால் குழாயில் வரும் எந்தத் தண்ணீரிலும் கரைந்த உப்புகள் இருக்கும். சூடாகச் சூடாக அவை ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் சீலின் முகங்களிலும் படியும். அந்தப் படிவு உப்புத்தாள் போலச் சீலைத் தேய்க்கும். அலுமினியத்தில் துருவைத் தடுக்கும் மருந்தும் வெறும் தண்ணீரில் இல்லை. பழைய வண்டியின் இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் அதன் இதழ்கள் எலி கொறித்தது போல அரித்திருப்பதைக் காணலாம். அரித்த இம்பெல்லர் சுழலும், ஆனால் தண்ணீரைத் தள்ளாது, நெரிசலில் மட்டும் சூடேறும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபேனை, அடுத்தது இதைத்தான்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது திறந்த பாத்திரத்துக்குத்தான். 1.1 பார் அழுத்தத்தைப் பிடிக்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால் கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரிக்கு ஏறிவிடும். சரிபாதி கூலன்ட் கலந்தால் அதற்கும் மேலே போகும். மூடியின் ரப்பர் இற்றுப்போன வண்டிக்குப் பம்பை மாற்றிப் பயனில்லை. எனவே அலுமினிய என்ஜினுக்கு உரிய, சிலிகேட் இல்லாத கூலன்டை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரோடு கலந்து பயன்படுத்துங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வடித்த கூலன்டைத் தெருவில் கொட்ட வேண்டாம். அது இனிக்கும் என்பதால் நாய்கள் நக்கும். நக்கினால் பிழைப்பது அரிது.

கேள்வி: என் கணவர் ஜெர்மனியில் வாங்கிப் பத்தாண்டாக ஓட்டிவரும் பி.எம்.டபிள்யூ. கே75 வண்டியின் முன்புறம், என்ஜினின் அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து சொட்டுகிறது. ஐடிலில் நிற்கும்போது எண்ணெய் அழுத்த விளக்கு மினுக்கென்று எரிந்து அணைகிறது. இங்கே பட்டறைக் கூலி அதிகம் என்பதால் நாங்களே பிரித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, ஸ்டுட்கார்ட்)

பதில்: பிரிக்கும் துணிவு இருப்பதே நல்லது. பெர்லினின் ஷ்பான்டாவ் ஆலையில் செய்யப்பட்ட இந்தக் கே வரிசையில், நான்கு சிலிண்டர் கே100 1983இலும், மூன்று சிலிண்டர் கே75 1985இலும் வந்தன. கே75 1996 வரை தயாரிப்பில் இருந்தது. ஆகவே உங்கள் வண்டி எவ்வளவு இளையதாக இருந்தாலும் அதன் ரப்பர்கள் கால் நூற்றாண்டைத் தாண்டியவை, இதுவரை யாரும் மாற்றாதிருந்தால்.

சேலம் வாசகருக்கு மேலே எழுதிய விளக்கத்தை முதலில் படித்துவிடுங்கள். உங்கள் வண்டியில் அதே ஏற்பாடு இன்னும் நெருக்கமாக அமைந்திருக்கிறது. ஆயில் பம்பும் வாட்டர் பம்பும் தனித்தனியாக இல்லாமல், என்ஜினின் முன்பக்கத்தில் ஒரே உடலுக்குள், ஒரே தண்டில் அமைந்தவை. தண்டின் பின்பகுதி எண்ணெயைத் தள்ளும் பல்சக்கரங்களைச் சுற்றுகிறது. முன்முனையில் இம்பெல்லர் இருக்கிறது. இரண்டு சீலுக்கும் நடுவிலுள்ள இடத்திலிருந்து கீழே ஒரு துளை. உங்களுக்குச் சொட்டுவது அந்தத் துளையிலிருந்துதானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். என்ஜினின் முன்பகுதியைப் பெட்ரோல் அல்லாத கழுவுநீரால் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, குழந்தைகளுக்குப் பூசும் முகப்பவுடரை அங்கே தூவிவிட்டு, பத்து நிமிடம் ஓட விடுங்கள். கசிவு எங்கே தொடங்குகிறதோ அங்கே பவுடர் முதலில் நனைந்து கருக்கும். ரேடியேட்டர் ஹோஸின் கிளிப் தளர்ந்து, அந்தத் தண்ணீர் வழிந்து வந்து பம்பின் அடியில் சொட்டுவதும், பம்ப் வீணாகப் பழி சுமப்பதும் அடிக்கடி நடப்பதுதான்.

விளக்கு மினுக்குவதை வைத்து மட்டும் ஆயில் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இவ்வண்டியில் எண்ணெய் அழுத்த ஸ்விட்ச்சும் பம்பின் உடலிலேயே இருக்கிறது. மழையும் சேறும் நேரடியாகப் படும் இடம் அது. ஒழுகும் கூலன்ட் ஸ்விட்ச்சின் இணைப்பில் இறங்கினால் விளக்கு தவறாக எரியும். ஸ்விட்ச்சைக் கழற்றி, அந்த மரையில் எண்ணெய் அழுத்தமானியை நேரடியாகப் பொருத்தி, என்ஜின் நன்கு சூடான பிறகு ஐடிலிலும் சற்று உயர்ந்த வேகத்திலும் அளவைக் குறித்துக்கொண்டு, சர்வீஸ் மேனுவலில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். மானி சரியாகக் காட்டினால் ஸ்விட்ச்சையும் வயரையும் மாற்றினால் போதும். மானியும் குறைவாகக் காட்டினால், எண்ணெய் நீர்த்துப் போயிருக்கிறதா, எண்ணெயை உறிஞ்சும் சல்லடை அடைத்திருக்கிறதா, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வில் குப்பை மாட்டித் திறந்தபடி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே பல்சக்கரங்களின் தேய்மானத்துக்கு வர வேண்டும். வடிகட்டிய எண்ணெயிலேயே ஓடுவதால் ஆயில் பம்ப் அவ்வளவு எளிதில் தேய்வதில்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையில் ஃபில்டருக்கு முன்னால் இருப்பது பம்ப்தான். சல்லடையைத் தாண்டி வரும் பொடியெல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது.

பம்பைப் பிரிக்கும்போது இரண்டு இடத்தில் கை பதற வாய்ப்பு உண்டு. ஒன்று இம்பெல்லரைக் கழற்றுவது. முப்பது ஆண்டு கூலன்டில் ஊறிய திருகு. நீளமான கைப்பிடி போட்டு ஒரே இழுப்பில் திருகினால் தலை கையோடு வந்துவிடும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட்டு, கொஞ்சம் சூடு காட்டி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். மற்றொன்று, சேர்க்கும்போது பூசும் பசை. பல்சக்கரப் பம்பில், சக்கரத்தின் பக்கவாட்டுக்கும் மூடிக்கும் இடையே இருக்கும் மிகச் சிறிய இடைவெளியை நம்பித்தான் அழுத்தம் உருவாகிறது. தயாரிப்பாளர் காகிதப் பேக்கிங் கொடுக்காத இடத்தில், ஒழுகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் நீங்களாகவே ஒன்றை வெட்டிப் போட்டால், அதன் கனம் முழுவதும் அந்த இடைவெளியில் சேர்ந்துவிடும். எண்ணெய் பக்கவாட்டில் நழுவும். சரியாக இருந்த அழுத்தமும் குறையும். பசையையும் தாராளமாகப் பூச வேண்டாம். இரு முகங்களையும் பழைய பசை இல்லாமல் துடைத்து, படலம் போல ஒரே ஒரு பூச்சு. பிதுங்கி உள்ளே போகும் பசை உலர்ந்து, உரிந்து, எண்ணெய்ப் பாதையில் எங்காவது போய் மாட்டிக்கொள்ளும்.

இந்த என்ஜின் படுத்த நிலையில் வைக்கப்பட்டது. பக்கவாட்டுத் தாங்கியில் இரவு முழுவதும் நின்றால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெண்ணீலப் புகை கொஞ்சம் வரும். எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்குவதால் வருவது அது. பம்போடு அதற்குத் தொடர்பில்லை. நடுத் தாங்கியில் நிறுத்தினால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

கேள்வி: என் பழைய ஒற்றைச் சிலிண்டர் யமஹாவுக்கு என்ஜின் வேலை முழுவதும் செய்து வாங்கினேன். ஸ்டார்ட் செய்ததிலிருந்து ஹெட்டில் டப்டப் என்று சத்தம். டாப்பெட்டைச் சரிபார்த்தாயிற்று. எண்ணெய் மேலே ஏறவில்லையோ என்று சந்தேகம். வண்டியில் அழுத்த விளக்கு இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், ஈரோடு)

பதில்: உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் நிற்கிறது. யமஹாவின் பல ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்களில், எண்ணெய் ஏறுகிறதா என்று பார்ப்பதற்கென்றே சிலிண்டர் ஹெட்டில் ஒரு சிறிய போல்ட் உண்டு. அதை முழுவதும் கழற்றாமல் ஒரு சுற்று தளர்த்தி, ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டுக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் போல்ட்டின் ஓரத்தில் எண்ணெய் ஊற வேண்டும். ஊறவில்லையென்றால் உடனே அணைத்துவிடுங்கள்; இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று ஓட விடுவதில்தான் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு போகிறது.

ஊறாததற்குக் காரணம் பம்பாக இல்லாமலும் இருக்கலாம். புதிதாகச் சேர்த்த என்ஜினில் பம்ப் வறண்டிருந்தால் அதனால் எண்ணெயை உறிஞ்ச முடியாது. சேர்க்கும்போதே பம்பின் உள்ளே எண்ணெய் விட்டுச் சுற்றியிருக்க வேண்டும். இப்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, முப்பது நாற்பது முறை கிக்கரை மிதித்துப் பாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் அடிச் சல்லடையைக் கழற்றுங்கள். இப்படி வந்த ஒரு வண்டியின் சல்லடையில், நீல நிறச் சிலிக்கான் பசை சேமியா போல நீள நீளமாகப் பின்னிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். என்ஜின் வேலை செய்தவர் ஒழுக்குக்குப் பயந்து எல்லா முகத்திலும் அள்ளிப் பூசியிருந்தார்.

சல்லடையும் சுத்தமாக இருந்தால் பம்பைப் பிரியுங்கள். உள்ளே ஒரு ரோட்டருக்குள் இன்னொரு ரோட்டர் சுழலும். உள் ரோட்டருக்கு வெளி ரோட்டரைவிட ஒரு முனை குறைவாக இருக்கும். இரண்டின் முனைகளும் நேருக்கு நேர் வரும் இடத்தில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். சிறிய ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் புது இடைவெளி 0.15 மி.மீ. அளவுக்குள்ளும், மாற்ற வேண்டிய எல்லை 0.20 மி.மீ. சுற்றிலும் இருக்கும், உங்கள் வண்டிக்குரிய எண்ணை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். ரோட்டரின் முகத்திலும் பம்ப் மூடியிலும் இசைத்தட்டு போல வட்டக் கீறல்கள் ஆழமாக இருந்தால், அளவு சரியாக வந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. தனி ரோட்டராகத் தேடாமல் முழுப் பம்பாகவே வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் 1986 புல்லட் 350. இரண்டு வாரம் நிறுத்தி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் தெரு முழுவதும் புகை. எண்ணெய் டிப்ஸ்டிக்கில் ஏறவே இல்லை. ஊற்றினால் பிரீதர் (என்ஜினின் காற்றுப்போக்குக் குழாய்) வழியாகக் கக்குகிறது. பம்பை மாற்ற வேண்டுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: எண்ணெய் எங்கும் போகவில்லை, இடம் மாறி நிற்கிறது. திருவொற்றியூரில் செய்த அந்த வார்ப்பிரும்பு என்ஜினில் இரண்டு ஆயில் பம்புகள் உண்டு. ஒன்று தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்து என்ஜினுக்குக் கொடுக்கும். மற்றது கிரேங்க்கேஸில் (என்ஜினின் அடிக்கூட்டில்) வடிந்த எண்ணெயை எடுத்துத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். கொடுப்பதைவிடத் திருப்பி அனுப்பும் பம்புக்குக் கொள்ளளவு அதிகம், கீழே தேங்கிவிடக் கூடாது என்பதற்காக. வண்டி நிற்கும்போது கொடுக்கும் பம்பின் வட்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே எண்ணெய் மெல்லக் கசிந்து கிரேங்க்கேஸில் சேருகிறது. இதை அறியாமல் டிப்ஸ்டிக்கைப் பார்த்து நீங்கள் மேலும் ஊற்றியதால்தான் அது கக்கியது. இனி எண்ணெய் அளவை, ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்திய பிறகு மட்டும் பாருங்கள்.

இரண்டு வாரத்தில் இறங்குவது இந்த என்ஜினுக்குப் பெரிய குற்றமில்லை. ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிரேங்க்கேஸின் வடிகால் திருகைத் திறந்து வடித்து, வடிந்ததை வடிகட்டித் தொட்டியில் ஊற்றிக்கொள்ளலாம். ஒரே இரவில் இறங்கினால் மட்டும் பம்பைத் திறக்க வேண்டும். திறந்தால், வட்டையும் இருக்கையையும் மிக மெல்லிய அரைப்புப் பசை வைத்து, எட்டுப் போடுவது போலச் சுழற்றித் தேய்த்து, சாம்பல் நிறம் முழு முகத்திலும் சீராகப் படிந்ததும் மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவிச் சேர்க்கலாம். வட்டை அழுத்தும் ஸ்பிரிங்கைப் புதிதாகப் போடுங்கள். பம்புகளைச் சுற்றும் தண்டின் பற்களையும் பாருங்கள். அவை கூர்மையாகத் தேய்ந்திருந்தால் அதை ஓட்டும் வார்மையும் (திருகு வடிவப் பல்சக்கரம்) சேர்த்து மாற்ற வேண்டும். அந்த வார்மின் மரை இடப்பக்க மரை. வழக்கமான பக்கம் திருகினால் அது கழலாது, இன்னும் இறுகும்.

கேள்வி: ஆர்.எக்ஸ்.100 டூ-ஸ்ட்ரோக் வண்டியின் ஆயில் பம்பைக் கழற்றி வீசிவிட்டு, பெட்ரோலிலேயே எண்ணெய் கலக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: பம்ப் நன்றாக இருந்தால் செய்ய வேண்டாம். ஆக்சிலரேட்டர் திறக்கும் அளவுக்குத் தகுந்தபடி எண்ணெயைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கிற பம்ப் அது. கலந்து ஊற்றினால் ஐடிலிலும் ஏற்றத்திலும் ஒரே விகிதம்தான் போகும். பம்பைக் குறை சொல்கிறவர்களில் பலர், எண்ணெய்த் தொட்டியை ஒருமுறை வறளவிட்டு, குழாயில் காற்று ஏறியதை அறியாமல் ஓட்டிப் பிஸ்டனைச் சிலிண்டரில் இறுகிப் பிடிக்க வைத்தவர்கள். குழாயில் குமிழி தெரிந்தால், பம்பில் உள்ள காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, குமிழியில்லாத எண்ணெய் வரும் வரை விட்டு மூடுங்கள். பம்பிலிருந்து என்ஜினுக்குப் போகும் மெல்லிய குழாயிலும் காற்று இருக்கும் என்பதால், அன்று மட்டும் பெட்ரோல் டேங்கில் லிட்டருக்கு 30 மி.லி. 2டி எண்ணெய் கலந்து வைத்துக்கொண்டு, ஐடிலில் சிறிது நேரம் ஓட விடுங்கள். பிறகு பம்பின் கேபிளைப் பாருங்கள். கேபிள் நாளடைவில் நீண்டு, ஆக்சிலரேட்டர் திறந்தும் பம்ப் திறக்காமல் நிற்பதுண்டு. கப்பியில் உள்ள குறி மேனுவல் சொல்லும் இடத்தில் வந்து நிற்கும்படி அட்ஜஸ்டரைத் திருகிச் சரிசெய்துகொள்ளுங்கள்.